மலையில் கறவை ஆட்டுக்கு எரிசக்தித் தீவனம்: எப்போது, எவ்வளவு, என்ன செலவில்

கொடைக்கானல் மேல்மலையில் கறவை ஆடு வளர்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மக்காச்சோளம் கூடுதலாகப் போட்டால் பால் எவ்வளவு கூடும்? கூடும். ஆனால் எல்லா ஆட்டுக்கும் கூடாது, எல்லா மாதத்திலும் கூடாது. அளவு மீறினால் பாலும் போகும், ஆடும் போகும். கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், மூட்டையில் அச்சடித்த அட்டவணை இன்னொன்று சொல்லும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். இவற்றுக்கு நடுவே திண்டாடி ஒரு வழிக்கு வந்த பிறகு இதை எழுதுகிறேன். மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறைப் பக்கத்தவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. தீவனத்தைத் தொடும் முன் பாலை எடைபோடுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். காலை, மாலை இரண்டு கறவையையும் ஆடு வாரியாக எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தொங்கவிடும் சிறிய எடைமானி போதும். லிட்டர் குவளையில் நுரை ஏமாற்றும்; எடை ஏமாற்றாது.

அதே நோட்டில் ஒவ்வோர் ஆடும் குட்டி ஈன்ற தேதியை எழுதுங்கள். பிறகு முதுகுத்தண்டு இடுப்பை நோக்கி இறங்கும் இடத்தில் கைவைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பின் முனை கத்திபோல் விரலில் குத்தினால் ஆடு உடம்பைக் கரைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எலும்பே தட்டாமல் மெத்தென்று இருந்தால் நீங்கள் கூடுதலாகப் போடும் தீவனம் மடிக்குப் போகாது, கொழுப்பாகப் போய்ச் சேரும். இந்த இரண்டு வகை ஆட்டுக்கும் ஒரே அளவு போடுவதுதான் மலையில் நான் அதிகம் பார்க்கும் வீண்செலவு.

2. மலையேற்றம் தின்னும் பங்கைக் கணக்கில் எடுங்கள்

40 கிலோ எடையுள்ள ஆடு உயிரோடு இருப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1600 கிலோ கலோரி வேண்டும். கொழுப்பு 4 சதவீதம் உள்ள ஒரு லிட்டர் பாலுக்கு மேலும் ஏறத்தாழ 1250. இது எல்லா ஊருக்கும் பொது. நடைதான் இடத்துக்கு இடம் மாறும். கொட்டிலை ஒட்டிச் சற்று மேய்ந்து திரும்பும் ஆட்டுக்கு, முதலில் சொன்ன 1600க்கு மேல் 25 சதவீதம் சேர்க்க வேண்டும். மேடு பள்ளமான மேய்ச்சலுக்கு 50 சதவீதம். செங்குத்துச் சரிவில் புல் தேடி நெடுந்தூரம் அலையும் ஆட்டுக்கு 75 சதவீதம்.

25க்கும் 75க்கும் உள்ள வித்தியாசம் 800 கிலோ கலோரி. அது ஏறக்குறைய முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பால்; அல்லது 270 கிராம் மக்காச்சோளம். சரிவில் நாள் முழுக்க அலையவிட்டு, மாலையில் கால் கிலோ மக்காச்சோளம் போட்டு, "பால் கூடவில்லையே" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? போட்டதெல்லாம் கால் வலியாகப் போயிற்று.

ஆகவே கறவையில் உள்ள ஆடுகளை மட்டும் பிரித்து, வீட்டுக்கு அருகில் மேயவிடுங்கள், அல்லது புல்லை அறுத்து வந்து போடுங்கள். கறவையும் சினையும் இல்லாத ஆடுகளும் கிடாய்களும் மேலே ஏறட்டும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் மேய்ச்சலுக்கு இடமில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் காற்று உள்ளே வராத, தரை ஈரமில்லாத கொட்டில் ஒரு கைப்பிடித் தானியத்துக்குச் சமம். நனைந்த ஆடு இன்னும் மோசம். குளிர்ந்த தண்ணீரை ஆடு குடிக்காது. தண்ணீர் குடிக்காத ஆடு தீவனமும் தின்னாது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாக உள்ளே போக வேண்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். இதைவிட மலிவான சத்து மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

3. புல் முதலில், தானியம் பிறகு

ஆட்டின் பெருவயிற்றில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. நார்ச்சத்தை உடைத்து அவை தரும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்புக்குப் போகிறது. மாவுச்சத்தை உடைத்துத் தரும் புரோபியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, மடியில் லாக்டோஸாகிறது. லாக்டோஸ் தண்ணீரை இழுக்கிறது. அதனால்தான் மக்காச்சோளம் போட்டால் பாலின் அளவு ஏறுகிறது. அதே காரணத்தால்தான், புல்லைக் குறைத்துவிட்டு மக்காச்சோளத்தை ஏற்றினால் பால் நீர்த்துப் போகிறது. பாலாடைக்கட்டி செய்பவர்களுக்கு ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: லிட்டர் கூடும், கட்டி குறையும்.

மொத்த உலர்பொருளில் (ஈரம் நீக்கிய தீவன எடையில்) பாதியாவது புல், இலை, வைக்கோலாக இருக்கட்டும். மேல்மலையில் கிக்குயு புல்லும், பாசன வசதி இருந்தால் தீவன ஓட்ஸும் கைகொடுக்கும். கீழ்மலையில் பலா இலையும், மிளகுக் கொடி படரவிட்ட கல்யாணமுருங்கையின் இலையும் இருக்கின்றன. சூபாபுல் என்னும் தீவன மரம் உறைபனி விழும் உயரத்தில் சரிவராது. விதைக்குப் பணம் போடாதீர்கள். உன்னிச்செடியும் பெரணியும் நிறைந்த சரிவில் பசியோடு விடாதீர்கள், இரண்டும் நஞ்சு.

4. மூட்டை வாங்குவது

சமவெளியில் மக்காச்சோள அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை வேகம் பிடிக்கும். ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் அப்போது விலை இறங்கும். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2400 ரூபாய். இதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மேலே வந்து சேரும்போது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, அரைவைக் கூலி எல்லாம் சேரும். தனியாக இரண்டு மூட்டை ஏற்றுவதைவிட, பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வண்டியில் ஏற்றினால் வாடகை பாதியாகும். வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்தாரா என்று ஓட்டுநரிடம் முன்பே கேளுங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் அந்த நடைமுறை இருக்கிறது, கட்டணம் கிடையாது.

மூட்டையைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாகவோ ஈரமாகவோ பட்டால் வேண்டாம். ஒரு பிடி எடுத்து முகருங்கள். புழுங்கிய வாடை, பச்சைப் பூசணம், கட்டி பிடித்த மணி, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். எனக்கு ஒரு முறை மூட்டையின் மேல்பாதி நல்லதாகவும் அடிப்பாதி பூசணமாகவும் வந்தது. ரசீது இல்லாததால் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். எனவே எவ்வளவு சிறிய கொள்முதலுக்கும் ரசீது கேளுங்கள். அந்த ரசீது வங்கிக் கடனுக்கும் உதவும்.

பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது ஆட்டின் கல்லீரலைக் கெடுப்பதோடு நிற்காமல் பாலிலும் இறங்கும். மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் இதற்கு முதல் இலக்கு. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் வரும்வரை சமவெளியிலேயே காயவைத்து ஏற்றச் சொல்லுங்கள், ஏனென்றால் இங்கே பனிமூட்டத்தில் எதுவும் காயாது. மூட்டையைத் தரையிலிருந்து அரையடி உயரப் பலகையிலும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் வையுங்கள். அக்டோபரில் மழைக்காலம் தொடங்கும்போது ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம். வெயில் மாதங்களில் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

5. கலவையும் டப்பாவும்

100 கிலோவுக்கு நான் போடும் கணக்கு இது: உடைத்த மக்காச்சோளம் 45 கிலோ, கோதுமைத் தவிடு 34, கடலைப் புண்ணாக்கு 18, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1. புரதம் ஏறத்தாழ 16 சதவீதம் வரும். புரதம் இல்லாமல் மக்காச்சோளம் மட்டும் போட்டால் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. பாதி சத்து சாணமாகப் போகும். தாது உப்புக் கலவையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, பயிற்சி மையங்களில் கேட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லில் ஒரு மையம் இருக்கிறது.

மக்காச்சோளத்தைக் குருணையாக உடைக்கச் சொல்லுங்கள், மாவாக அரைக்கச் சொல்லாதீர்கள். மாவு பெருவயிற்றில் வேகமாகப் புளிக்கும், மூக்கிலும் ஏறும்.

அடுத்தது கலவையை அளந்து போடும் டப்பா. ஒரு கிலோ மக்காச்சோளம் கொள்ளும் டப்பாவில் தவிடு அரைக் கிலோகூடப் பிடிக்காது. கலவை மாறும்போதெல்லாம் டப்பாவை எடைபோட்டு, 250 கிராமுக்கு ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். வேலையாள் மாறினாலும் கோடு மாறாது.

செலவு: மக்காச்சோளம் மேலே வந்துசேர கிலோ 28 ரூபாய், தவிடு 26, புண்ணாக்கு 50, தாது உப்பு 100 என்று வைத்தால் கலவை கிலோ 33 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள். 100 கிராம் கலவையின் எரிசக்தி அத்தனையும் மடிக்கே போனாலும் 200 மில்லிக்குச் சற்று மேலான பால்தான் வரும். அதற்கு மேல் வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

6. ஏற்றும் முறை

குட்டி ஈனுவதற்கு இரண்டு மாதம் முன் கறவையை நிறுத்திவிடுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால் சேர்க்கைத் தேதி தெரிந்தால் இது எளிது.

ஈனுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது கலவையைத் தொடங்குங்கள். முதலில் 100 கிராம், மெல்ல 300 வரை. வயிற்றில் இரண்டு, மூன்று குட்டி இருந்தால் பெருவயிற்றுக்கு இடம் குறையும். ஆடு குறைவாகத் தின்னும், தேவையோ கூடும். அப்போது எரிசக்தி போதாமல் போனால் ஆடு தன் கொழுப்பைக் கரைத்து நஞ்சாக்கிக்கொள்ளும். தனியே ஒதுங்கி நிற்கும், தானியத்தை முகர்ந்துவிட்டு விலகும், மூச்சில் பழுத்த பழ வாடை வரும். மருந்துக்கடையில் நீரிழிவுக்காரர்களுக்கு விற்கும் சிறுநீர் கீட்டோன் பட்டை ஒரு டப்பா வாங்கி வையுங்கள். படுத்திருந்த ஆட்டை எழுப்பினால் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும். அதில் பட்டையை நனைத்து நிறம் பாருங்கள். கருஞ்சிவப்பு ஊதாவாக மாறினால் அன்றே கால்நடை மருத்துவர் வர வேண்டும். அவர் வரும்வரை வெல்லக்கரைசலைச் சிறிது சிறிதாக, புரையேறாமல் புகட்டலாம்.

ஈன்ற பிறகு அவசரப்படாதீர்கள். முதல் மூன்று நாள் ஈனுவதற்கு முன் போட்ட அளவே போதும். அதன்பின் மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை 100 கிராம் ஏற்றுங்கள். பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு வாரம் எடுக்கும். பால் உச்சத்தைத் தொடுவது நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். எரிசக்தித் தீவனம் காசு திருப்பித் தருவது இந்தக் காலத்தில்தான். உச்சம் எவ்வளவு உயருகிறதோ, அதன்பின் வரும் மாதங்களும் அதற்கேற்ப நிற்கும்.

ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் நோட்டைப் பாருங்கள். பால் கூடியிருந்தால் அடுத்த 100 கிராம். இரண்டு முறை ஏற்றியும் பால் அசையவில்லை என்றால் ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். நாளொன்றுக்கு உடம்பு பராமரிப்புக்கு 200 கிராம், பால் லிட்டருக்கு 400 கிராம் என்பது நடைமுறை வரம்பு. ஒரு வேளைக்கு 300 கிராமைத் தாண்டாதீர்கள். தாண்ட வேண்டியிருந்தால் மூன்று வேளையாகப் பிரியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். முதலில் ஒரு கட்டுப் புல், பிறகு டப்பா.

7. தினமும் புழுக்கையைப் பாருங்கள்

நல்ல ஆட்டின் புழுக்கை தனித்தனியாக, கருத்து, உருண்டு விழும். தானியம் அதிகமாகும்போது முதலில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக விழும். அடுத்து நாய்ச் சாணம் போல் நீளும், புளித்த வாடை அடிக்கும், உடையாத மக்காச்சோள மணி வெளியே தெரியும். அதற்கு அடுத்த நிலை பேதி, பல் கடிப்பு, தள்ளாட்டம். கொத்தாக விழும் கட்டத்திலேயே கலவையைப் பாதியாக்கி உலர்ந்த புல்லை நிறைய வையுங்கள். மதியம் கொட்டிலில் படுத்திருக்கும் ஆடுகளில் பாதிக்குமேல் அசைபோடவில்லை என்றாலும் இதே எச்சரிக்கைதான். கலவை அதிகம் தின்னும் ஆட்டுக்கு, கலவையின் எடையில் ஒரு சதவீதம் சமையல் சோடா சேர்ப்பது காப்பு.

ஆடு கட்டறுத்துத் தீவன மூட்டையில் வாய் வைத்துவிட்டால் "தின்னட்டும், செரித்துக்கொள்ளும்" என்று விடாதீர்கள். தண்ணீரைக் கட்டுப்படுத்தி, மருத்துவரை அழையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. மேல்மலைக்கு அது ஏறிவர நேரம் பிடிக்கும், ஆகவே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் எண்ணும் கைபேசியில் இருக்கட்டும். தீவனக் கிடங்குக்குத் தாழ்ப்பாள் போதாது. ஆடு தாழ்ப்பாளைத் திறக்கும். பூட்டுங்கள்.

தானியம் ஏற்றும் மந்தைக்குத் துள்ளுமாரி (குடலில் நஞ்சேறும் நோய்) தடுப்பூசி கட்டாயம். முதன்முறை என்றால் இரண்டு, மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன் போட்டால் குட்டிக்கும் சீம்பால் வழியே காப்பு கிடைக்கும். கிடாய்களுக்கும் காயடித்தவற்றுக்கும் இந்தக் கலவை வேண்டாம். தவிடும் தானியமும் சேர்ந்தால் சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும்.

8. கேரட்டும் உருளையும்

மேல்மலையில் கழிவுக் கேரட் மலிவு, சில நாள் இலவசம். ஆடும் ஆசையாகத் தின்னும். ஆனால் கேரட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோ கேரட் ஏறத்தாழ 120 கிராம் மக்காச்சோளத்துக்குத்தான் ஈடு. உருளை 200 கிராமுக்குச் சற்று மேல். வண்டி வாடகை கொடுத்து வாங்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நீளவாக்கில் நறுக்கிப் போடுங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். பச்சையாக மாறிய உருளையும் முளைவிட்டதும் உருளைச் செடியும் நஞ்சு. முட்டைக்கோஸ் இலை சிறிது போடலாம். நாள்தோறும் கூடை கூடையாகப் போட்டால் வயிறு உப்பும், கழுத்தில் கழலை வரும், மருந்தடித்த இலையாகவும் இருக்கலாம். பூம்பாறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பூண்டுத் தாள் தின்ற ஆட்டின் பாலை வாங்கியவர் மறுநாள் வரமாட்டார்.

9. பாக்கெட்டில் வருபவை

பைபாஸ் கொழுப்பு பெருவயிற்றில் கரையாமல் குடலுக்குப் போகும். ஆட்டில் அதன் பலன் பாலின் அளவைவிடக் கொழுப்பில்தான் நிச்சயமாகத் தெரியும். கொழுப்புக்கு விலை கிடைக்கும் இடத்தில் விற்பவர்களுக்குப் பொருந்தும். லிட்டர் கணக்கில் விற்பவர்களுக்கு அவசியமில்லை. 100 கிலோ கலவைக்கு 2 கிலோவிலிருந்து தொடங்குங்கள். சோப்பு வாடையால் சில ஆடு முகம் திருப்பும். அதற்குப் பதிலாகச் சமையல் எண்ணெயை ஊற்றாதீர்கள். அது நார்ச்சத்தின் செரிமானத்தையே கெடுக்கும்.

புரோபிலீன் கிளைகால் கலந்த திரவ மருந்துகள் 6ஆம் பகுதியில் சொன்ன ஈனும் காலச் சிக்கலுக்கானவை. தினசரி பால் கூட்டும் மருந்தாக யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

10. காகிதங்கள்

கிசான் கடன் அட்டை 2018–19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. தீவனம் வாங்குவது அதில் அடங்கும் செலவுதான். ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு, கொட்டில் இருக்கும் நிலத்தின் சிட்டா அல்லது குத்தகைப் பத்திரம், ஆடுகளின் எண்ணிக்கைக்குக் கால்நடை மருத்துவரின் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கிளையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். வட்டி 7 சதவீதம், உரிய நாளில் கட்டினால் 4. ஜனவரி அறுவடையில் மக்காச்சோளம் வாங்கப் பணம் வேண்டும் என்றால் அக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள். மருத்துவர் வந்து எண்ணிச் சான்று தரவே மழைக்காலத்தில் நாள் பிடிக்கும்.

காப்பீட்டுக்குக் காதுத் தோடு (எண் பொறித்த அடையாள வில்லை) அவசியம். தோடு விழுந்தால் அன்றே தெரிவித்து மறுதோடு போடுங்கள். தோடு இல்லாத ஆட்டுக்கு இழப்பீடு கேட்டு நடையாய் நடக்க வேண்டிவரும்.

பாலை வீடுகளுக்கோ விடுதிகளுக்கோ நேரடியாக விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறிய அளவில் விற்பவர்களுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய், இணையத்தில் நீங்களே செய்யலாம். ஆய்வு வேண்டாம் என்று அதிகாரி முடிவு செய்தால் ஏழு நாளில் கிடைக்கும், ஆய்வு என்றால் ஒரு மாதம். இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் கேட்பார்; கொடுக்காதீர்கள்.

11. இறக்கும் முறை

ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு பால் தானாகவே இறங்கும். அதைத் தானியத்தால் தூக்கிப் பிடிக்க முடியாது. வாரம் ஒரு முறை எடை பார்த்து, பால் கால் லிட்டர் குறையும்போதெல்லாம் 100 கிராம் குறையுங்கள். எலும்பு இன்னும் விரலில் குத்தும் ஆட்டுக்கு மட்டும் குறைக்காமல் விடுங்கள். அடுத்த சினைக்கு அது உடம்பு சேர்க்க வேண்டும். கறவையை நிறுத்தும் வாரத்தில் கலவையை முழுக்க நிறுத்தி, உலர்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்தால் மடி சீக்கிரம் வற்றும்.